துள்ளலுக்குள்ளே ஒரு துக்கம்

(தலைப்பு: துன்பத்தில் துணை நிற்பது சோக இசையா? துள்ளல் இசையா? 'துள்ளல் இசையே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "எழவு விழுந்த வீட்டுல எவனாவது டான்ஸ் பாட்டு போடுவானா?" என்றார். கைதட்டலும் வாங்கிட்டுப் போயிட்டார். ஐயா, எங்க வீட்டில் போட்டாங்க. போட்டது நான் பெத்த மகன்!

என் வீட்டுக்காரர் காலமாகி மூணு மாசம். ராத்திரி பதினோரு மணிக்கு மகன் ரூமிலிருந்து 'தும் தும்'னு சத்தம். கதவைத் திறந்தா, காலால தரையைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். எனக்கு வந்ததே கோபம்! "அப்பாவுக்கு வருஷத் திதிகூட வரலை, அதுக்குள்ள உனக்கு ஆட்டம் கேக்குதா?"ன்னு கத்திட்டேன். அவன் எதிர்த்துப் பேசலை. "அம்மா, இதை யாரு, எப்பப் போட்டாங்கன்னு தெரிஞ்சா திட்ட மாட்டே. உக்காரு"ன்னான்.

"என்ன ஆல்பம்டா?"ன்னேன். "பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்"ன்னான். அதிகாரம், ஊழல், பொய்! "ஏண்டா, இது பாட்டா, எலெக்ஷன் பிரசாரமா?"ன்னு கேட்டேன். (சிரிப்பு)

அப்புறம்தான் கதையைச் சொன்னான். இங்கிலாந்திலே மான்செஸ்டர் பகுதி இளைஞர்கள் நான்கு பேர். குழுவின் பெயர் ஜாய் டிவிஷன். பெயரில்தான் ஜாய், பாட்டெல்லாம் இருட்டு. பாடகர் இயான் கர்டிஸ். வலிப்பு நோயால் வாடியவர். 1980 மே 18ஆம் தேதி, குழு அமெரிக்கா கிளம்ப இருந்த நேரத்தில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயசு 23. வீட்டிலே மனைவி, ஒரு வயசுப் பெண் குழந்தை.

மிச்சம் இருந்த மூணு பேர் பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக், ஸ்டீபன் மோரிஸ். கில்லியன் கில்பர்ட் என்கிற பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, பழைய பெயரை விட்டுவிட்டு, 'நியூ ஆர்டர்' என்று ஆரம்பித்தார்கள். யார் பாடுவது? போனவர் இடத்தில் நிற்க யாருக்கு மனசு வரும்? ஆளாளுக்குப் பாடிப் பார்த்து, கடைசியில் சம்னர் தலையில் விழுந்தது.

எதிரணி நண்பர்களே, இங்கே கவனியுங்கள். 1981இல் அவர்கள் போட்ட முதல் ஆல்பம் 'மூவ்மென்ட்'. அது முழுக்க முழுக்க உங்கள் கட்சி! ஒரே சோகம். அதையும் கேட்டேன். போனவர் குரலை இருட்டுக்குள்ளே தேடுகிற மாதிரிதான் எனக்குப் பட்டது. அதுக்கப்புறம் நியூயார்க் நடன விடுதிகளில் கேட்ட தாளம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. டிரம் மெஷின் வந்தது. ஒரு தடவை பதிந்து வைத்தால் அதே சுரத்தை விடாமல் வாசிக்கிற சீக்குவென்சர் வந்தது. 1983 மே மாதம் இந்த இரண்டாவது ஆல்பம் வந்தது. எட்டே பாட்டு. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் நாலாவது இடம்!

நான் சங்கீதம் படித்தவள் இல்லை. காதில் விழுந்ததைச் சொல்கிறேன். முதல் பாட்டு 'ஏஜ் ஆஃப் கன்சென்ட்'. பேஸ் கிடாரிலேதான் தொடங்குது. பேஸ் கிடார்னா கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி, பின்கட்டில் நின்னு உழைக்கும், யார் கண்ணிலும் படாது. இங்கே பீட்டர் ஹுக் அதை மேல் ஸ்தாயியில் கொண்டுபோய்ப் பாட வெச்சிருக்கார். பின்னாடி டிரம் ஓடுது ஓடுதுன்னு ஓடுது. கால் தானா ஆடும். ஆனா அந்தப் பேஸ் இருக்கே, அது அழுதுக்கிட்டே ஓடுது ஐயா!

குறையும் உண்டு. சம்னருக்குக் கணீர்க் குரல் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் கூச்சப்பட்டுப் பாடுற மாதிரி இருக்கும். ரெண்டாவது பாட்டு 'வி ஆல் ஸ்டாண்ட்' எனக்கு இழுவை. போய் மோரை உறை ஊத்திட்டு வந்துடலாம்னு தோணும். (சிரிப்பு) 'யுவர் சைலன்ட் ஃபேஸ்' அப்படி இல்லை. ஊதிக்கிட்டே கட்டை அமுக்குற மெலோடிகாவை வெச்சு, விடியற்காலை மாதிரி விரியுது. அவ்வளவு கம்பீரமாப் போய், கடைசியில் ஒரு வசவோட முடிப்பாங்க. கண் கலங்கறப்ப கேலி பண்ணிச் சிரிக்க வைக்கிற தம்பி எல்லார் வீட்டிலும் இருப்பானே, அது மாதிரி!

மகன் அட்டைப் படத்தைக் காட்டினான். குழு பேரும் இல்லை, ஆல்பம் பேரும் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் வண்ணக் கட்டம். நடுவில் ஒரு கூடை ரோஜா. ஃபான்டன் லதூர் என்ற பிரெஞ்சு ஓவியர் 1890இல் வரைந்த படமாம். அதைப் பார்த்துட்டு, ஹாலில் அவர் படத்துக்கு நான் வெச்சிருந்த பூவைப் பார்த்தேன். அப்பத்தான் என் பையன் சொன்னான். "அம்மா, நீ சாமி ரூமில அழறே. எனக்கு அழுகை வரலைம்மா. இதைக் கேட்டாத்தான் காலைல எந்திரிச்சு காலேஜுக்குப் போக முடியுது."

எனக்கு அப்பத்தான் உறைச்சது. மூணு மாசமா அவன் அழலைன்னு மனசுக்குள்ள குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவன் காலால அழுதுக்கிட்டு இருந்திருக்கான். எனக்குத்தான் தெரியலை. (கைதட்டல்)

"கடைசிப் பாட்டு 'லீவ் மீ அலோன்' சோகம்தானே?"ன்னு எதிரணி கேட்கும். ஆமாம். துள்ளல் இசை துக்கத்தைத் துடைச்சுப்போடும்னு நான் சொல்ல வரலை. துக்கத்தையும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு நடக்கவைக்கும்னு சொல்றேன். சோகப் பாட்டு கூட உக்காந்து அழும், நல்லதுதான். எத்தனை நாள் உக்கார்ந்திருப்பீங்க? ஒருத்தர் எழுப்பிவிட வேண்டாமா? நம்ம கிராமத்துப் பெரியவர்களைப் பறை அடித்து, ஆடித்தானே அனுப்பி வைத்தோம்? அந்த ஆட்டக்காரனுக்குத் துக்கம் இல்லைன்னு யாராவது சொல்வீங்களா?

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன். அன்னைக்கு ராத்திரி அந்த எட்டுப் பாட்டையும் நானும் மகனும் சேர்ந்தே கேட்டோம். 'ஏஜ் ஆஃப் கன்சென்ட்' ரெண்டாவது தடவை ஓடுறப்ப அவன் என் காலைப் பார்த்துச் சிரிச்சான். குனிஞ்சு பார்த்தா, என் காலும் தாளம் போட்டுக்கிட்டு இருக்கு!

ஆகவே நடுவர் அவர்களே, துன்பத்தில் துணை நிற்பது துள்ளல் இசையே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.