நாளும் ஒரு துணுக்கு
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில் எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு மிகச் சிறியது. மொழியில் ஒன்று, வரலாற்றில் ஒன்று, பொது அறிவில் ஒன்று என நாள்தோறும் சிறிது சிறிதாக அறிந்துகொள்வதால் பயன் உண்டா என்பதே அது. "துணுக்குகள் தேர்வுக்கும் பொழுதுபோக்குக்கும் உரியவை, அவற்றால் அறிவு வளருமா?" என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. சிதறிக் கிடக்கும் மணிகள் மாலையாகா. ஆயினும், கோக்கத் தெரிந்தவனுக்கு ஒவ்வொரு மணியும் தேவை.

முதலில் மொழி. 'சேரி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதைச் சொல்லி நம்மைத் தாழ்த்தியோர் பலர். கேட்டுத் தலைகுனிந்தோரும் உண்டு. 'சேர்' என்னும் வினையடியிற் பிறந்த அச்சொல்லுக்கு மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே பொருள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலை முறையை விளக்குகின்றன. அவ்வூரின் 30 குடும்புகளும் 12 சேரிகளும் அவற்றிற் பேசப்படுகின்றன. அவ்வூரோ அந்தணர்க்கு வழங்கப்பட்ட பிரமதேயம்! அந்தணர் வாழ்ந்த தெருக்களும் அன்று சேரிகளே. ஆகவே, இழிவு அச்சொல்லோடு பிறந்ததன்று. பின்வந்தோர் அதன்மேல் ஏற்றியது. ஏற்றிய சுமையை இறக்கவும் கூடும்.

'பறை' என்பதும் அவ்வாறே. அது முரசை மட்டும் குறிப்பதன்று. 'பறைதல்' என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றளவும் பேசுவதைப் 'பறயுக' என்றே வழங்குகின்றனர். நம்மை நோக்கி வசையாக வீசப்பட்ட சொல்லின் உள்ளே உரைப்பது, அறிவிப்பது என்னும் பொருள் உறங்கிக் கிடக்கிறது.

அதை எழுப்பியவர்களைக் காண வரலாற்றிற்கு வருவோம். 1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னையில் ஓர் இதழைத் தொடங்கினார். அதன் பெயர் 'பறையன்'. ஊரார் இழிவென்று கருதிய பெயரையே இதழின் முகப்பில் பொறித்து உரிமைக்குக் குரல் கொடுத்தார். 1907ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். விலையே பெயரில் இருந்தது! மொழி ஆராய்ச்சி, வரலாறு, சமயம், நாட்டு நடப்பு ஆகிய அனைத்தும் அவ்விதழில் வாரந்தோறும் மக்களைச் சென்றடைந்தன. நாம் இன்று பேசும் துணுக்குக் கல்விக்கு அவ்விதழே நல்ல முன்னோடி அன்றோ?

1924ஆம் ஆண்டை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச்சாலையில் நடக்கவும், பொதுக்கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கவும், பொது அலுவலகங்களுக்குள் செல்லவும் எவருக்கும் தடையில்லை என்பதே அதன் சாரம். தீர்மானம் ஏற்கப்பட்டு அரசாணையும் வெளிவந்தது. ஆணை வந்த அன்றே கிணறுகள் எல்லாம் திறந்துவிடவில்லை. ஆனால், அவ்வாணையை அறிந்தவன் கெஞ்சி நிற்க வேண்டியதில்லை. உரிமையைக் கேட்டு நிற்கலாம். அறியாதவனுக்கோ ஆணை இருந்தும் இல்லாததே!

இனிப் பொது அறிவு. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவைப் படியுங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை என அதே சொற்கள் வரும். 1924ஐயும் 1950ஐயும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இரண்டு மணிகளும் ஒரு நூலில் ஏறுகின்றன. தீண்டாமைக் குற்றங்களைத் தண்டிக்கும் சட்டம் 1955இலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலும் இயற்றப்பட்டன. காவல் நிலையத்தில் புகார் அளித்தவர்க்கு முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்பது சட்டம். நம் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம் என்னவாயிற்று என்று அலுவலகத்தைக் கேட்க, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளது. 10 ரூபாய்க் கட்டணம். 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோர்க்கு அக்கட்டணமும் இல்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு வரிச் செய்திதான். தக்க வேளையில் அந்த ஒரு வரி நினைவுக்கு வருதலும் வாராமையும் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடும்.

இளைஞர்களே! கழகக் கட்டடத்தின் வாயிலில் ஒரு கரும்பலகை வையுங்கள். நாள்தோறும் ஒரு சொல், ஓர் ஆண்டு, ஓர் உரிமை எழுதுங்கள். எழுதுவதை முறைவைத்துச் செய்யுங்கள். பள்ளி செல்லும் சிறுமிக்கும் ஒரு நாள் கொடுங்கள். எழுத்தறியாத பெரியவர்க்கு அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர். எழுதுமுன் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். கைப்பேசியில் வருவதெல்லாம் வரலாறு ஆகாது. நமக்குப் பெருமை தரும் செய்தியாயினும், சான்று இல்லையேல் பலகையில் ஏற்றாதீர். பொய்யான பழங்கதைகளால் நம்மை நெடுங்காலம் தாழ்த்தினார்கள். நாமும் பொய்யால் உயர முயல்வது தகாது. உண்மையே நமக்குப் போதுமான அளவு பெருமையைத் தருகிறது.

அந்தப் பலகை ஒரு நாளும் வெறுமையாக இருத்தலாகாது. ஓராண்டில் 365 செய்திகள். பொன்விழா வருவதற்குள் ஒன்பதாயிரத்துக்கும் மேல்! அவற்றைக் கோத்து அணியப்போகும் தலைமுறை இப்போதே இங்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது. அவர்களை வாழ்த்தி அமைகின்றேன்.