நண்பரின் சொல்லும் நம் உடலும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் ஒருவரையொருவர் காண்பது பெரும்பாலும் விழா நாட்களில்தான். தில்லி கரோல் பாகிலோ, மும்பை மாதுங்காவிலோ நவராத்திரிக் கொலுவுக்குச் செல்கிறோம். ஆறு மாதங்களாகக் காணாத நண்பர் எதிர்ப்படுகிறார். வரவேற்பு முடியுமுன்னரே, "என்ன இது, ஒரு சுற்றுப் பெருத்துவிட்டீர்களே!" என்கிறார். சுற்றியிருப்போர் சிரிக்கின்றனர், நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். ஆனால், கையிலுள்ள சுண்டல் அதன்பின் தொண்டையில் இறங்குவதில்லை.

இப்பழக்கம் தீய எண்ணத்தில் பிறந்ததன்று. பஞ்சமும் கொள்ளைநோயும் மலிந்திருந்த காலத்தில் ஒருவரது நலத்தை அவர் உடலே அறிவித்தது. "பூசினாற்போல் இருக்கிறாள்" என்பது பாராட்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும் மகனை நோக்கி, "இளைத்துவிட்டாயே!" என்று தாய் கூறுவது அன்பு. ஆனால், அவ்வாறு கூறிய தாய் உடனே இலை போட்டு அமரச் செய்கிறாள். கூட்டத்தில் நண்பர் கூறும் சொல்லுக்குப் பின்னே அந்த இலை இல்லை. சிரிப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

இத்தவற்றை நாமும் செய்திருக்கிறோம். மார்கழி பஜனைக்குத் தவறாது வரும் அம்மையார் ஒருவரிடம், "முகம் முழுநிலவாகிவிட்டதே!" என்று வேடிக்கையாகக் கூறினோம். அடுத்த வாரம் அவர் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. மூட்டுவாதத்துக்காக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டு வந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அம்மருந்து பசியை மிகுவிக்கும், உடலில் நீரைத் தேக்கும், முகத்தை உருண்டையாக்கும். வலியோடு வந்தவருக்கு நாம் அளித்தது மற்றொரு வலி.

எடை கூடுவதற்கும் குறைவதற்கும் காரணங்கள் பல. தைராய்டு சுரப்பி தளர்ந்தால் எடை ஏறலாம். மிகுந்து சுரந்தால் இளைக்கலாம். நீரிழிவும் இளைக்கச் செய்யும். துக்கமும் இளைக்கச் செய்யும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 24 பேர் மிகை எடையினர். ஏறத்தாழ 19 பேர் குறை எடையினர். எனவே, எந்தக் கூட்டத்தில் நாம் பேசினாலும், அச்சொல் தைக்கக்கூடியவர் அங்கே இருப்பார்.

"உள்ளதைச் சொன்னால்தானே திருந்துவார்?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் நடுவயதைக் கடந்த 6,000க்கும் மேற்பட்டோரை நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. எடையின் பொருட்டுத் தாம் இழிவாக நடத்தப்பட்டதாக உணர்ந்தவர்களுக்குப் புதிதாக உடற்பருமன் ஏற்படும் வாய்ப்பு, ஏனையோரைவிடச் சுமார் இரண்டரை மடங்கு இருந்ததாக அது கூறிற்று. இழிவு மருந்தாகாது என்பதற்கு இதுவே போதும்.

நண்பன் இடித்துரைக்க வேண்டுமென வள்ளுவர் கூறவில்லையா எனில், கூறினார். ஆனால், நண்பன் நெறி கடந்து செல்லும்போது இடித்துரைக்கவே அவர் கூறினார். உடல் பருப்பதும் மெலிவதும் நெறி கடந்த செயல்கள் அல்லவே!

ஊரில் ஒரு வீட்டில் மனம் நொந்தால் செல்வதற்கு அத்தை வீடு உண்டு, சித்தப்பா வீடு உண்டு. இங்கே நமக்கு நண்பர்களே உறவினர். தமிழில் மனம்விட்டுப் பேச இரண்டொரு வீடுகளே உள்ளவருக்கு, அவற்றுள் ஒன்றின் கதவு மூடிக்கொள்வது சிறிய இழப்பன்று.

ஆகவே, எதிர்ப்படும் நண்பரிடம், "கண்டு நாளாயிற்று, சௌக்கியமா?" என்று கேட்போம். அவர் நலம்பற்றி மெய்யாகவே கவலையிருப்பின், தனிமையில் கேட்போம். கேட்டபின் அவர் பேசக் காத்திருப்போம். அவர் விரும்பினால், காலையில் உடன் நடக்கவும், மருத்துவரிடம் துணை செல்லவும் முன்வருவோம்.

நாம் அந்த அம்மையாரின் இல்லத்துக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் காப்பி கொடுத்தார். முழங்கால் வலியைப்பற்றி நெடுநேரம் பேசினார். அன்றுதான் முதன்முறையாக நாம் அவர் நலம் விசாரித்தோம்.