மூன்றரை ஆண்டுப் பதவி, ஆயுள் முழுவதும் பணி

 

தேர்தல் வரும்போதெல்லாம் வேட்பாளரின் ஊர், குலம், கட்சி ஆகியவற்றை நாம் விசாரிக்கிறோம். அவர் வென்றபின் பரிந்துரைக் கடிதமும் விழாவுக்குத் தலைமையும் கேட்கிறோம். சட்டமியற்றும் அவையில் அமர்ந்தவரிடம் நாம் கேட்க வேண்டியது அவ்வளவுதானா? இவ்வினாவுக்கு விடையாக ஒரு வாழ்க்கையை உங்கள்முன் வைக்கிறேன். அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் வாழ்க்கை.

அம்மையார் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்கு எதிர்ப்பு எழுந்தது, மன்னரோ இசைவளித்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். பிறப்பைக் காட்டிச் சமூகம் அடைக்க முனைந்த கதவுகளைக் கல்வி திறந்தது. தமக்குத் திறந்த கதவு பிறர்க்கும் திறக்க வேண்டும் என்பதே அவர்தம் பொதுவாழ்வின் நோக்கமாயிற்று.

1926இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்றார். பிரித்தானிய இந்தியாவின் சட்டசபைகளில் முதல் பெண் உறுப்பினர் அவரே. விரைவில் அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். மரபின் பெயரால் எதிர்ப்பு எழுந்தது, அவர் பின்வாங்கவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். அப்பெண்களுக்குக் கோயில் ஊழியத்தின் பொருட்டு மானிய நிலங்கள் இருந்தன. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும்; நிலம் போனால் பிழைப்பும் போய்விடும். அவர் முயற்சியால் 1929இல் வந்த சட்டத்திருத்தம், ஊழியக் கட்டாயத்தை நீக்கி நிலத்தை அவர்களுக்கே உரியதாக்கியது. ஒரு வழக்கத்தைப் பழிப்பது எளிது. அதில் சிக்கியவர்களின் அடுத்த வேளைச் சோற்றையும் எண்ணிப் பார்ப்பதே சட்டமியற்றுபவரின் கடமை.

1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது, அதனைக் கண்டித்து அம்மையார் பதவியைத் துறந்தார். அவையில் இருந்தது ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளே. ஆயினும் பணி நிற்கவில்லை. தேவதாசி மரபிலிருந்து விலகி வந்த இளம்பெண்களுக்கு விடுதிகள் இடம் மறுத்தன. தம் இல்லத்திலேயே அடைக்கலம் தந்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டமாக நிறைவெய்தியது. அப்போது அவர் அவையில் இல்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தையும் அவர் பொதுப்பணியாகவே மாற்றினார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு அது தொடங்கியது. 1968இல் அம்மையார் மறைந்தார். மருத்துவமனையும் அவ்வை இல்லமும் இன்றும் இயங்குகின்றன.

பெரியோர்களே, சட்டம் உரிமையைத் தரும்; அவ்வுரிமையோடு வெளியே வருபவர்க்குத் தங்க ஓர் இடமும், கற்க ஒரு பள்ளியும், நோய்க்கு மருந்தும் தர வேண்டியவர்கள் நாம். ஆகவே, அடுத்த முறை நம் தொகுதி உறுப்பினரைச் சந்திக்கும்போது, அவையில் யாருக்காகப் பேசினீர்கள் என்று கேட்போம். அவ்வாறு கேட்கும் தகுதி நமக்கும் வேண்டுமானால், இவ்வாண்டு நம் ஊரில் படிப்பு நின்றுபோகும் நிலையிலுள்ள ஒரு பெண்பிள்ளையின் பொறுப்பையேனும் ஒவ்வொரு குடும்பமும் ஏற்கட்டும்.