நூலை நிறுக்கும் உரிமை யாருக்கு?



போர்க்காலத்தில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்தது. செய்தி ஓய்ந்ததா? சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம்! செய்தியைத் தடுத்த இடத்தில் வதந்தியே வளர்ந்தது.

2021 மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து வரும் இஸ்லாமிய நூல்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டுமென விதித்தார்கள். தீவிரவாதப் பிரசாரத்தைத் தடுக்கவாம்! 2019 உயிர்த்த ஞாயிறுப் படுகொலையை நாம் மறந்தோமல்லோம். கொலைக்குத் தூண்டும் எழுத்துத் தண்டிக்கப்படவே வேண்டும். ஆனால் நூலை நிறுப்பது அதிகாரியின் ஐயமாயின் என்ன நேரும்?

உள்நாட்டிலேயே சான்று உண்டு. மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜசீம் 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூலின் பொருட்டு 2020 மே மாதம் கைதானார். வன்முறையை மறுக்கும் கவிதைகள் கொண்ட நூல் அது! பத்தொன்பது மாதங்கள் மறியலில் கழிந்தன. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இழந்த நாட்களை எந்தத் தீர்ப்பு மீட்டுத் தரும்?

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமை தருகிறது. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை. நூலைத் தடுப்போர் காரணத்தை எழுத்தில் தரட்டும். அம்மொழி அறிந்தோர் படிக்கட்டும். முடிவை நீதிமன்றம் கூறட்டும்! இன்று முஸ்லிம் சோதரரின் நூலுக்கு மௌனம் காத்தால், நாளை நம் நூலுக்குப் பேச யார் வருவார்?