கணிப்பொறியின் சாவி யார் கையில்?

(மும்பை தாராவியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)



என்னைக் கணிப்பொறியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "நமக்கெதற்கு அந்தப் பேச்சு, தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசலாமே" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஐயா, நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருப்பது லினக்ஸ். நான் இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான். ஆக, நீங்கள் பல வருடமாக இந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறீர்கள்! (சிரிப்பு)

விஷயம் எங்கே தொடங்கியது என்றால், நம் மாலை வகுப்பில் இருக்கும் நான்கு பழைய கணிப்பொறிகளில். நன்கொடையாக வந்தவை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டச்சு பழகுவதும், ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் விண்ணப்பம் நிரப்புவதும் அவற்றில்தான். பழுது பார்க்கப் போனபோது கடைக்காரர், "இவை இனிமேல் காயலான் கடைக்குத்தான். புதிது நான்கு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று விலையையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டைச் செயற்குழுவில் வைத்தபோது பொருளாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கணிப்பொறிக்கு நோய் ஒன்றும் இல்லை. திரை எரிகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது. பின் ஏன் காயலான் கடை? மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு கேட்டுப் பதிந்துகொள்கிறவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு, அவ்வளவுதான். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் இல்லாத இயந்திரங்களை ஏற்பதில்லை. உலகம் முழுவதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான இயந்திரங்கள் ஒரு நாட்காட்டித் தேதியால் கிழடாகிவிட்டன. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே தறிக்கு வயதாகிவிட்டது என்று ஆலை முதலாளி அல்ல, தறியை விற்றவன் வந்து சொல்கிறான்!

இதை ஏன் நம்மால் தடுக்க முடிவதில்லை? இங்கே ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் பெண்கள் விடியற்காலையில் இட்லி அவித்துக் கொடுக்க, ஆண்கள் தலையில் சுமந்து மும்பை முழுவதும் விற்கிறார்கள். வாங்குகிறவன் இட்லியைச் சாப்பிடலாம். ஆனால் எத்தனை பங்கு அரிசி, எத்தனை பங்கு உளுந்து, எவ்வளவு நேரம் புளிக்க வைத்தது என்று அந்த இட்லியைப் பிய்த்துப் பார்த்துச் சொல்ல முடியுமா? கடையில் வாங்கும் மென்பொருளும் அவித்த இட்லிதான். மாவின் கணக்கு, அதாவது மூலநிரல், நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கிறது. அது நம் கையில் இருந்தால், அவர்கள் கைவிட்டாலும் நாமோ நம்மில் தெரிந்தவரோ சரிசெய்துகொள்ளலாம்.

இந்தக் கோபம் நமக்கு முன்பே ஒருவருக்கு வந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1980 வாக்கில் அங்கே புதிதாக வந்த லேசர் அச்சு இயந்திரம் அடிக்கடி தாள் சிக்கி நிற்கும். முந்தைய இயந்திரத்தில், சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார்கள். புதியதில் அதைச் செய்ய மூலநிரல் இல்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரிலேயே போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். தாள் சிக்கியதில் பிறந்த கோபம், 1983இல் க்னூ என்ற திட்டமாக அறிவிக்கப்பட்டது. 1989இல் ஜி.பி.எல். என்ற உரிமப் பத்திரம் வந்தது. அதன் சாரம் எளிது: இந்த நிரலை எடுத்துக்கொள், படி, திருத்து, விற்கவும் செய், ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்தே கொடு.

1991 ஆகஸ்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர், பொழுதுபோக்காக ஒரு இயக்கமுறைமை எழுதுகிறேன், பெரிதாக ஒன்றும் இருக்காது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே அதை ஜி.பி.எல். உரிமத்தில் வைத்தார். அந்தப் பெரிதில்லாத சரக்கு எங்கே போய் நின்றது தெரியுமா? 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளில் ஒவ்வொன்றிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது.

நம் வீடுகளுக்கும் அது வந்தது. 2011இல் தமிழ்நாட்டு அரசு பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியதே, அதில் விண்டோசோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. ஊரில் தம்பி தங்கையிடம் அதைத் திறந்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள். (இரண்டு கைகள் உயர்ந்தன.) இரண்டு பேர்! கொடுத்ததோடு சரி, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. கேரளத்தில் 2001இல் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கி, பிறகு கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றினார்கள். அங்கே ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். வித்தியாசம் அதுதான்.

சரி, இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் பிரச்சாரம் செய்துவிட்டுப் போனதாக ஆகிவிடும்.

2024 மார்ச் 29ஆம் தேதி ஆந்த்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் ஒரு செய்தி வெளியிட்டார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி தாமதமாகிறதே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. அரை விநாடி! நாமாக இருந்தால் கவனித்திருப்போமா? அவர் தோண்டிப் பார்த்தார். எக்ஸ்-இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரலுக்குள் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தார்கள். அது பரவலாகப் போயிருந்தால் உலகின் எண்ணற்ற சர்வர்களுக்குள் திருடன் சாவியோடு நுழைந்திருப்பான். சோதனைப் பதிப்புகளோடு பிடிபட்டது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் ஒருவரால் தோண்ட முடிந்தது, உண்மை.

ஆனால் அந்த வாசல் எப்படி வந்தது? அந்த நிரலைப் பல ஆண்டுகளாகப் பின்லாந்தில் ஒருவர் பொழுதுபோக்காக, கூலியின்றிப் பராமரித்து வந்தார். கோடி கோடியாகச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தின. அவருக்கு ஒரு கைமாற்று ஆளைக்கூட அனுப்பவில்லை. 2021இலிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இன்றுவரை அவர் யாரென்று உலகுக்குத் தெரியாது. வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை தாமதமாகிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்று நெருக்கினார்கள். களைத்துப்போன மனிதர் சாவியைப் பகிர்ந்தார். தோழர்களே, சம்பளமில்லாமல் பொதுவேலை பார்க்கிறவனை அவனுடைய களைப்பின் வழியாகத்தான் வீழ்த்தினார்கள். சங்கத்தில் இரவு பகலாக ஓடும் நம் செயலாளரை நினைத்துக்கொண்டேன். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஃபிராயிண்ட் இதைத் தொழில்வல்லுநர்களின் பாதுகாப்பு மடலில் எழுதியதோடு, மாஸ்டடானிலும் சொன்னார். நிரலாளர்கள் அங்கேதான் கூடி நாள்கணக்கில் அலசினார்கள். அதென்ன மாஸ்டடான்? கூட்டத்துக்கு முன்பு ஒரு தங்கை, அது ஏதோ மாத்திரையா என்று கேட்டாள். (சிரிப்பு)

2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் அடங்கிவிட்டன. ஒரே நிறுவனத்தின் உள்வேலையில் நேர்ந்த ஒரு பிழை. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் ஊரோடு பேச வழியில்லாமல் விழித்தார்கள். ஆர்குட் என்று ஒன்று இருந்தது, 2014இல் மூடினார்கள். டிக்டாக் 2020 ஜூனில் அரசாணையால் ஒரே நாளில் போனது. கூ என்று நம் நாட்டிலேயே தொடங்கினார்கள், 2024 ஜூலையில் மூடுகிறோம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் எழுதியதும் படங்களும் சேர்த்த நண்பர்களும் வீட்டுக்காரர் காலிசெய்யச் சொன்ன சாமான்களைப் போலத் தெருவில்!

மாஸ்டடான் ஒரு கட்டடம் அல்ல. தபால் நிலையங்களைப் போல. தாராவியில் போட்ட கடிதம் திருநெல்வேலிக்குப் போகிறதல்லவா? அதற்காக இரண்டு ஊருக்கும் ஒரே போஸ்ட்மாஸ்டர் வேண்டியதில்லை, முகவரி எழுதும் முறை ஒன்றாக இருந்தால் போதும். ஜெர்மனியில் யூஜென் ரோஷ்கோ என்ற இளைஞர் 2016இல் இந்த மென்பொருளை வெளியிட்டார். சர்வர்கள் தங்களுக்குள் பேசும் முறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில் இணையத் தர அமைப்பான டபிள்யு-3-சி அதைப் பொதுத்தரமாக ஏற்றது. யாரும் ஒரு சர்வர் வைக்கலாம். ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம். பிடிக்காவிட்டால் உங்களைப் பின்தொடர்கிறவர்களோடு வேறு சர்வருக்குக் குடிபெயரலாம். ஆனால் பழைய பதிவுகள் கூட வருவதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் இது பேச்சானது 2019இல். உச்சநீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே தம் ட்விட்டர் பக்கத்தில் ஒரு புகைப்படம் வைத்திருந்தார். 1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர்கள் எல்லோரும் ஹிட்லர் பாணியில் கை நீட்டி நிற்க, ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆகஸ்ட் லாண்ட்மெசர் என்று சொல்லப்படும் தொழிலாளி. நாஜிக்கு வணக்கம் சொல்ல மறுத்தவனின் படத்தை, வெறுப்புப் படம் என்று சொல்லிக் கணக்கை முடக்கினார்கள்! அந்த நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் மாஸ்டடானுக்குப் போனார்கள். பலர் திரும்பியும் வந்தார்கள், ஏனென்றால் சொந்தக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது இன்னொரு பெரிய அலை.

இந்த உரிமப் பத்திரம் வெறும் காகிதம்தானே என்று கேட்கலாம். 2021இல் அமெரிக்காவில் டிரம்ப்பின் ட்ரூத் சோஷியல் தளம் மாஸ்டடான் நிரலை எடுத்துத் தன் சொந்தச் சரக்கைப் போல வைத்தது. மூலநிரலைக் கொடு, இல்லையேல் உரிமம் ரத்து என்று மாஸ்டடான்காரர்கள் கடிதம் எழுதினார்கள். சில வாரங்களில் மூலநிரலை வெளியிட்டார்கள். ஜனாதிபதியாக இருந்தவரின் நிறுவனத்துக்கும் பத்திரம் பத்திரம்தான். (கைதட்டல்)

கைதட்டியது போதும், குறைகளையும் கேளுங்கள். அந்தச் சர்வரை நடத்துகிறவரும் பெரும்பாலும் சம்பளமில்லாத ஒருவரே. அவர் சலித்தால் மூடிவிடுவார். 2023 மே மாதம் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. ஒரு வீட்டைச் சோதனையிட்டபோது, அங்கே இருந்த ஒரு மாஸ்டடான் சர்வரின் நகல் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. வழக்குக்குச் சம்பந்தமில்லாதவர்கள் எழுதியதும் சேர்த்து. ஆகவே அங்கே தனிச்செய்தி என்று எழுதினாலும், நடத்துகிறவர் பார்க்க முடியும் என்று நினைத்தே எழுத வேண்டும். இன்னொன்று: லினக்ஸ்காரர்களில் சிலருக்குப் புதிதாக வருகிறவரைக் கடிந்து பேசும் வழக்கம் உண்டு. டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில், நான் பிறரிடம் நடந்துகொண்ட விதம் தவறு என்று மன்னிப்புக் கேட்டு, சில வாரம் வேலையிலிருந்து ஒதுங்கினார். நம் வகுப்பில் அந்த வழக்கம் வேண்டாம். தெரியாதவரைத் திட்டுகிற பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வெளியே நிற்கட்டும்.

என் யோசனை இதுதான். வாட்ஸ்அப்பை விட்டு நாளையே எல்லோரும் வெளியேறுவோம் என்று சொல்ல மாட்டேன். மகளின் பிரசவச் செய்தி அதில்தான் வரும். ஆனால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் முப்பது வருடப் படங்களும் யாரோ ஒருவரின் போனில், ஒரு நிறுவனத்தின் தயவில் மட்டும் இருக்கக் கூடாது. அவை நம் அலமாரியில் ஒரு டிஸ்கிலும், இன்னொரு வீட்டில் ஒரு நகலாகவும் இருக்க வேண்டும். மாஸ்டடானில், நன்றாக நடக்கும் ஒரு சர்வரில் சங்கத்தின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிப் பார்ப்போம். சொந்தச் சர்வர் இப்போது வேண்டாம். அதை இரவில் எழுந்து பார்க்க நம்மிடம் ஆள் இல்லை. இருக்கிற ஒருவர் தலையில் கட்டினால் அந்தப் பின்லாந்துக்காரர் கதைதான்.

நான்கு கணிப்பொறிகளிலும் லினக்ஸ் மின்ட் ஏற்றலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை. திரையில் வரும் சொற்களைத் தமிழிலும் வைக்கலாம், மராத்தியிலும் வைக்கலாம். ஊர் உலகத்தில் தொண்டர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. சில சொல் புரியாமல் இருக்கும், பழகும். அச்சு இயந்திரம் ஒன்று தகராறு செய்யும் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். ஒரு இயந்திரத்தில் மட்டும் முதலில் செய்து, பிள்ளைகள் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். அரசாங்க விண்ணப்பங்கள் எல்லாம் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் தொடலாம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இங்கேயே இருப்பேன். நான்கு பேர் வேண்டும், அதில் இருவர் பெண்களாக இருந்தால் நல்லது. ஏனென்றால் மாலை வகுப்பைத் திறந்து பூட்டுவது அவர்கள்தான். ஆளுக்கு ஒரு பென்டிரைவ் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களை முதலில் நகல் எடுப்போம், எடுத்ததைத் திறந்து பார்ப்போம். அதற்கு முன் யாரும் எதையும் அழிக்கக் கூடாது.