பழைய சீட்டும் புதிய சர்வரும்



வெளியூரில் குடியேறிய நமக்கு முகவரி மாறுவதன் தொல்லை புதிதன்று. வீடு அதுவேயாயினும், நகராட்சியார் கதவிலக்கத்தை மாற்றிவிட்டால், ஊரிலிருந்து வரும் கடிதம் திரும்பிப் போய்விடுகிறது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமும் ஏறக்குறைய அத்தகையதே.

பல கணிப்பொறிகள் ஓரிடத்துக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் என்.எப்.எஸ். முறையைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1980-களில் வகுத்தனர். லினக்ஸில் இப்பணியைக் கெர்னலே, அதாவது இயக்கமுறையின் உட்கருவே, ஆற்றவல்லது. கோப்பு வேண்டும் இயந்திரத்துக்குச் சர்வர் ஓர் அடையாளச் சீட்டைத் தருகிறது. இரண்டாம் பதிப்பில் அதன் அளவு 32 பைட். 1995-இல் வெளியான மூன்றாம் பதிப்பில் 64 பைட் வரை. சீட்டின் உட்பொருள் அதைப் பெற்றவருக்குத் தெரியாது, தெரிய வேண்டுவதுமில்லை. மறுமுறை நீட்டினால் அதே கோப்பு கிடைக்க வேண்டும், அவ்வளவே. இடையில் சர்வர் நின்று மீண்டும் எழுந்தாலும் சீட்டு செல்லுபடியாக வேண்டும்.

இடர் இங்கேதான் தோன்றுகிறது. சீட்டினுள் வட்டின் சாதன எண்ணைக் குறித்து வைக்கும் வழக்கம் இருந்தது. கெர்னலைப் புதுப்பிக்கையில் வட்டை இயக்கும் பகுதி மாறினால், அவ்வெண்ணும் மாறிவிடக்கூடும். நாங்கள் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் ஒரு ஞாயிறு இரவு இவ்வாறே நிகழ்ந்தது. திங்கட்கிழமை காலையில், கோப்பு ஒன்றேனும் அழிந்திருக்கவில்லை. ஆயினும் ஒன்றையும் திறக்க இயலவில்லை. சீட்டு காலாவதியாயிற்று என்றே எல்லாத் திரைகளும் உரைத்தன. மேசை மேசையாகச் சென்று இணைப்பை அறுத்து மீண்டும் கட்டினோம். சம்பளக் கணக்கு மாலை வரை நின்றது. பிழை எங்களுடையதே. பகிர்வுப் பட்டியலில் மாறாத எண் ஒன்றை எழுதிவைக்க வசதி உண்டு; நாங்கள் எழுதவில்லை.

கெர்னலை ஆக்குவோர் இதில் பொறுமை மிக்கவர்கள். பழைய வகைச் சீட்டுடன் வருபவருக்கு அவ்வகையிலேயே விடை தரும்படி நிரல் அமைத்துள்ளனர். 2001-இல் வெளிவந்த 2.4 பதிப்பு முதல் புதிய இணைப்புகளுக்கு வழங்கப்படாத மிகத் தொன்மையான சீட்டு வகை ஒன்றைக்கூட, 2021-இல்தான் கைவிட முனைந்தனர். இதை வீண் சுமை என்பாரும் உளர். இருபது ஆண்டுக் கெடு போதும் என்பதே எம் கருத்து. ஆனால் இரண்டு நாட்கெடு போதாது.

இரண்டாம் பதிப்பின் செய்தி வேறு. 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது அறியாது. அதை விடுவதே முறை. எனினும், அதில் மட்டுமே பேசும் இயந்திரம் எங்கேனும் உளதா என்று முன்னரே தேட வேண்டும். அவ்வலுவலகத்தில் தேடியபோது மாடியில் ஒன்று அகப்பட்டது. அதன்பொருட்டுப் பழைய சர்வர் ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டோம்.