கணக்கில் வராத மீன்



“கம்ப்யூட்டருக்குள் ஒரு கடல்” என்று இந்தக் கடலோர நூலகத்துத் தம்பிகள் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஓர் அம்மா கேட்டார்: “கடலை முழுசாப் பார்த்தவன் ஒருத்தனும் கிடையாது. அதை எப்படிப்பா பெட்டிக்குள்ள அடைப்பீங்க?” இன்றைக்கு நான் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

அடிப்படை, நம் வீட்டுக் கணக்குதான் அம்மா. போன வருஷம் கடலில் இருந்த மீன். அதோடு புதிதாகப் பிறந்து வளர்ந்ததைக் கூட்டுங்கள். தானாகச் செத்தது, பெரிய மீன் தின்றது, நாம் பிடித்தது, இவற்றைக் கழியுங்கள். மிச்சம்தான் இந்த வருஷத்து இருப்பு. இதையே ஒவ்வொரு மீனுக்கும் எழுதி, எது எதைத் தின்கிறது என்று கோத்தால் கடலின் சாயல் ஒன்று திரையில் எழும். 1984-இல் ஜெஃப்ரி பொலோவினா என்ற விஞ்ஞானி ஹவாய்ப் பக்கத்துப் பவளத்திட்டு ஒன்றுக்கு இப்படிக் கணக்கு எழுதினார். அது பிறகு எக்கோபாத் என்ற மென்பொருளாக உலகமெல்லாம் போனது. நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் கர்நாடகக் கடலுக்கு அதை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதனால் என்ன லாபம்? மடிவலையின் கண்ணைப் பெரிதாக்கினால் என்ன ஆகும், மீன்பிடித் தடைக்காலத்தை ஒரு மாதம் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று இருபது வருஷத்தைத் திரையில் ஓட்டிப் பார்க்கலாம். தப்பாகப் போனால் திரையில்தான் மீன் சாகும். நம் வீட்டு அடுப்பு அணையாது.

ஆனால் அந்தக் கணக்கே தவறினால்? கனடா நாட்டின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் அதுதான் நடந்தது.

சின்ன வயதில் மீன் எண்ணெய் மாத்திரை விழுங்கியிருப்பீர்கள். அந்த எண்ணெய்க்குப் பேர்போன காட் மீனின் கடல் அது. 1497-இல் கடலோடி ஜான் கேபட்டின் கப்பல் அங்கு போய்த் திரும்பியபோது, கூடையை இறக்கினாலே மீன் வருகிறது என்று சேதி பரவியது. அப்படிப்பட்ட கடலில் 1968-இல் ஒரே வருஷத்தில் 8 லட்சம் டன்னுக்கு மேல் அள்ளினார்கள். அதில் பெரும்பங்கு வெளிநாட்டு இழுவைக் கப்பல்களுக்குப் போனது. 1977-இல் கனடா 200 கடல் மைலைத் தன் மீன்பிடி எல்லையாக்கி, இனி எவ்வளவு பிடிக்கலாம் என்பதை விஞ்ஞானக் கணக்கு சொல்லும் என்று அறிவித்தது.

1980-களில் அங்குள்ள கரைக்கடல் மீனவர்கள் கத்தினார்கள். “வளைகுடாவுக்குள் மீன் வரவில்லை, வருவதும் சிறுத்து வருகிறது.” கணக்கோ, மீன் பெருகுகிறது என்றது. காரணம் என்ன தெரியுமா? அந்தக் கணக்குக்குப் போன எண்களில் முக்கியமான ஒன்று, ஆழ்கடல் இழுவைக் கப்பல் ஒரு மணி நேரம் இழுத்தால் எவ்வளவு கிடைக்கிறது என்பது. காட் மீனோ குறையக் குறைய ஒன்றுகூடி ஒரே இடத்தில் திரண்டது. கப்பலில், ஒலியால் மீனைத் தேடும் சோனார் கருவி இருந்தது. நேரே அந்தத் திரள் மேலேயே போய் மடியை இறக்கினார்கள். கடைசிவரை மடி நிறைந்தது. மடி நிறைகிறது, ஆகவே கடல் நிறைந்திருக்கிறது என்று கணக்கு நம்பிவிட்டது. கரையில் நின்றவர்களின் பேச்சு எண்ணாக இல்லாததால், அதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

1992 ஜூலை 2. வணிகத்துக்கான காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. சுமார் 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு என்று சொல்லி மூடிய கடல் அது. 2024-இல்தான் அந்தத் தடையை நீக்கினார்கள், அதுவும் 18,000 டன் வரம்போடு. அதற்கு முந்தைய வருஷம் அங்குள்ள விஞ்ஞானிகள் தங்கள் கணக்கு மாதிரியைத் திருத்தி, 1954 வரை பின்னோக்கிப் போய்ப் பழைய எண்களையும் சேர்த்தார்கள். உடனே அந்த மீன்வளம் “ஆபத்து” நிலையிலிருந்து “எச்சரிக்கை” நிலைக்கு மாறியது. கடல் அதே கடல், மீன் அதே மீன். எந்த எண்ணை உள்ளே விட்டோம் என்பதில்தான் மாற்றம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, ஐயா.

ஏனென்றால் நம் கரையில் எந்த எண் உள்ளே போகிறது?

இறங்குதளத்தில் ஒரு பையன் மரப்பலகையோடு உட்கார்ந்து, மீனின் மூக்கிலிருந்து வால்வரை அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்கடல் மீனின் காதுக்கல்லை அறுத்தால் மரத்தின் வளையம்போல வருஷத்துக்கொரு வளையம் தெரியும், வயதை எண்ணிவிடலாம். நம் வெப்பக் கடலில் அந்த வளையம் தெளிவாக விழாது. அதனால் நீளத்தை வைத்துத்தான் வயதைக் கணிக்க வேண்டும். அந்தப் பையனின் பலகைதான் நம் கடலுக்குக் காதுக்கல். அவசரம், ஏலம் போகிறது என்று நாம் அவனை விரட்டிவிடுகிறோம்.

மடியில் கூடவே வரும் கழிவு மீனான சங்காயம் என்ன ஆகிறது? விரல் நீளத்துக் குஞ்சுகள் கோழித் தீவனத்துக்கு லாரியில் ஏறுகின்றன. நாளைக்கு வளர்ந்து கிலோவாக வேண்டிய மீன் அந்தக் குவியலில் எத்தனை, என்ன வகை என்று யாரும் பிரித்து எழுதாவிட்டால், திரையில் உள்ள கடல் அந்தக் குஞ்சுகள் இன்னும் உயிரோடு நீந்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் நீரின் சூட்டையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் கூடும் இடத்தை நமக்குச் சொல்லிவருகிறது. டீசல் மிச்சம், நல்லதுதான். ஆனால் அது மீன் எங்கே கூடும் என்று சொல்கிறது, எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று சொல்லாது. சோனார் வைத்திருந்த கப்பல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் கிழக்குக் கரையின் தடைக்காலம் 2001-இல் 45 நாளாக ஆரம்பித்தது. 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. “எல்லா மீனுமா அந்த ரெண்டு மாசத்துல சினை வைக்குது?” என்று நீங்கள் டீக்கடையில் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எந்த மீன் எந்த மாதம் சினையோடு வருகிறது என்பதை, வயிற்றைக் கீறி மீன் வெட்டும் நம் தாய்மார்களைவிட யார் அதிகம் பார்த்திருக்கிறார்கள்? அந்த விவரத்தை மாதவாரியாக எழுதிக் கொடுத்தால் மாதிரி ஓடும், மீனுக்கு மீன் பதில் சொல்லும். நீவாடு என்ற நீரோட்டம் எப்போது திரும்பியது, கச்சான் காற்று எத்தனை நாள் நின்றது என்று பெரியவர்கள் சொல்வதையும் தேதி போட்டு எழுத வேண்டும்.

நூலகத் தம்பிகளிடம் கோடு போட்ட ஐந்து நோட்டுகளும் அளவுப்பலகை ஒன்றும் கொடுத்திருக்கிறேன். தேதி, மீன், நீளம், சினை உண்டா இல்லையா, சங்காயம் எத்தனை கூடை. இந்த ஐந்து கட்டம் போதும். தடை முடிந்து முதல் படகு கரைக்கு வரும் நாளில், ஏலம் கூறுவதற்கு முன்னால் ஒரே ஒரு கூடையை அளக்க விடுங்கள் என்று மீனவர் சங்கத் தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட அம்மா எங்கே இருக்கிறீர்கள்? முதல் நோட்டு உங்களுக்குத்தான்.